அமெரிக்கப் புறநகர் மால்கள் எப்படித் தோன்றின, ஏன் மூடுகின்றன? சவுத்டேலின் கதை

கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. சுற்றிலும் கார் நிறுத்துமிடம், நடுவில் ஜன்னலே இல்லாத ஒரு பெரிய பெட்டி என்ற இந்த மால் வடிவத்தை யார் முதலில் யோசித்தார்கள் என்பது ஒன்று. அமெரிக்காவில் அவை ஒவ்வொன்றாக மூடப்படுவதற்கு ஆன்லைன் வியாபாரம்தான் காரணமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓர் ஊர், ஓர் ஆள், ஒரு தேதி என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு என் பதில்: இல்லை, ஆன்லைன் கடைசியாக வந்து சேர்ந்த காரணம், வியாதி அதற்கு வெகுநாள் முன்பே தொடங்கிவிட்டது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு முதல் மாலின் கதையையே சொல்ல வேண்டும்.

தேதி 1956 அக்டோபர் 8. இடம் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ் நகரை ஒட்டிய எடினா என்ற புறநகர். திறக்கப்பட்டது சவுத்டேல் சென்டர். கட்டியவர்கள் மினியாபொலிஸ் நகர மையத்தில் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் நடத்திவந்த டேட்டன் குடும்பம். செலவு 2 கோடி டாலர், பரப்பு சுமார் 8 லட்சம் சதுர அடி, 72 கடைகள், 5,200 கார்கள் நிற்க இடம். வடிவமைத்தவர் விக்டர் க்ரூன்.

இதற்கு முன்னால் எதுவுமே இல்லை என்று இல்லை. கன்சாஸ் சிட்டியில் 1920-களிலேயே காரில் வருபவர்களை மனதில் வைத்து ஒரு கடைத்தெரு கட்டினார்கள். சியாட்டிலில் நார்த்கேட் 1950-ல் வந்தது, அது திறந்தவெளி. விஸ்கான்சினில் ஆப்பிள்டன் ஊர்க்காரர்கள் தங்கள் வேலி ஃபேர் 1955-லேயே கூரை போட்டு வந்துவிட்டது என்று உரிமை கோருவார்கள். அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம். முழுக்க மூடிய, குளிரூட்டிய, இரண்டு மாடி, இரண்டு பெரிய கடைகள், நடுவில் முற்றம் என்று பிற்பாடு உலகமெங்கும் நகலெடுக்கப்பட்ட அந்த முழு வடிவம் சவுத்டேலில்தான் ஒன்றாகச் சேர்ந்தது, அதனால் கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

க்ரூன் 1903-ல் வியன்னாவில் பிறந்த யூதர். பகலில் கட்டடக் கலைஞர், இரவில் அரசியல் நையாண்டி நாடகம் போடுகிறவர். 1938-ல் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் வந்ததும் தப்பி ஓடி நியூயார்க் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஐந்தாவது அவென்யூவில் ஒரு தோல்பொருள் கடையின் முகப்பை வடிவமைத்தார். அந்த முகப்பு அவருடைய மூளை எப்படி வேலை செய்தது என்பதை நன்றாகக் காட்டும். கண்ணாடி ஜன்னலைத் தெருவோரமாக வைக்காமல் உள்ளே தள்ளி, நடைபாதையிலிருந்து விலகி நிற்க ஒரு சின்னக் கூடம் மாதிரி விட்டு, அதில் காட்சிப் பெட்டிகளை வைத்தார். நடந்து போகிறவர் பையைப் பார்க்க ஓர் அடி உள்ளே வருவார், வந்த பிறகுதான் தெருவை விட்டு விலகிவிட்டோம் என்பதே அவருக்குத் தெரியும், அப்புறம் கதவு ரொம்பத் தூரமில்லை. வாங்க வந்தவனை விட, சும்மா நடக்க வந்தவனை அதிகம் கவனித்த மனிதர் இவர்.

அவருக்கு அமெரிக்கப் புறநகர் பிடிக்கவே இல்லை. நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வரிசையாகக் கடைகள், தூரத்திலிருந்தே கார்க்காரர் கண்ணில் பட வேண்டும் என்று ஒன்றை விட ஒன்று பெரிதான விளம்பரப் பலகைகள், ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்குப் போகக்கூட காரை எடுக்க வேண்டிய நிலை. வீட்டில் இருக்கும் பெண்களும் வயதானவர்களும் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாமல் கிடக்கிறார்கள் என்பது அவருக்கு உண்மையாகவே வருத்தம். வியன்னாவில் நடந்தே சுற்றிவரும் ஊர் நடுப்பகுதி போல ஒன்றைப் புறநகருக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினார். 1954-ல் டெட்ராய்ட் அருகே அவர் கட்டிய நார்த்லேண்ட் என்ற பெரிய திறந்தவெளி மையம் திறந்து நன்றாக ஓடியது, அதற்கு முன்பே டேட்டன் குடும்பம் அவரை எடினாவுக்குக் கூப்பிட்டிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இன்றைக்கு யாருக்கும் நினைவில்லாத பாதி இதுதான். டேட்டன்கள் வாங்கிய நிலம் 463 ஏக்கர். க்ரூன் வரைந்த திட்டத்தில் மால் என்பது நடுவில் ஒரு பகுதி மட்டும். அதைச் சுற்றி தனி வீடுகள், அடுக்குமாடிகள், பள்ளி, மருத்துவ மையம், பூங்கா, ஓர் ஏரி எல்லாம் இருந்தன. ஒரு சின்ன ஊரையே வரைந்தார், அந்த ஊருக்குக் கடைத்தெருவாக இந்தக் கட்டடம். கார் நிறுத்துமிடம் நடுவில் ஒரு தீவை உண்டாக்கும் எண்ணம் அவருக்கு இருந்திருந்தால் இவ்வளவு வரைந்திருக்க மாட்டார்.

சரி, ஏன் கூரை? மினசோட்டா குளிர். பனி, வெயில், மழை எல்லாம் கழித்துப் பார்த்தால் கடைத்தெருவில் நடக்கத் தோதான நாள் ஆண்டுக்கு 126தான் என்று கணக்குப் போட்டார்கள். அதனால் மொத்தத்தையும் மூடி, சுமார் 75 டிகிரி ஃபாரன்ஹீட்டில் (ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ்) ஆண்டு முழுக்க வைத்திருந்தார்கள். நடுவில் வெளிச்சம் மேலிருந்து விழும் பெரிய முற்றம், அதற்கு 'என்றும் வசந்தம்' என்கிற மாதிரி பெயர். மரங்கள், செடிகள், காபிக் கடை, உயரமான ஒரு பறவைக் கூண்டு நிறையப் பறவைகள், ஹாரி பெர்ட்டோயா செய்த பொன்னிற உலோக மரச் சிற்பங்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு அங்கே உட்கார முடிந்தது என்பது அன்றைக்கு அந்த ஊர்க்காரர்களுக்குச் சாதாரண விஷயம் இல்லை.

ஜன்னல் இல்லாததற்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. அதுவரை கடை தெருவைப் பார்த்து நிற்கும், முகப்பு தெருப் பக்கம். க்ரூன் தெருவையே உள்ளே கொண்டுவந்துவிட்டார், அதனால் எல்லாக் கடையும் உள்பக்கம் திரும்பிவிட்டன. வெளிச்சுவர் கடைகளின் முதுகு. முதுகுக்கு ஜன்னல் எதற்கு? நெடுஞ்சாலைப் பலகைகளின் கூச்சலை வெறுத்த மனிதர், அந்தக் கூச்சல் வெளியே வராமல் இருக்க வெளிச்சுவரை வெறுமையாக விட்டார். நல்ல எண்ணம்தான், ஆனால் ஊருக்கு முதுகைக் காட்டி நிற்கும் கட்டடம் என்ற வழக்கம் அங்கே ஆரம்பித்தது.

இரண்டு மாடி விஷயம் நுட்பமானது. மேல் மாடிக் கடைகளுக்கு ஆள் ஏற மாட்டார்கள் என்று வியாபாரிகள் பயப்படுவார்கள். அதற்காக நிலத்தின் சரிவைப் பயன்படுத்தி, ஒரு பக்கம் கார் நிறுத்தியவர் நேராகக் கீழ் மாடிக்குள்ளும், இன்னொரு பக்கம் நிறுத்தியவர் நேராக மேல் மாடிக்குள்ளும் நுழைகிற மாதிரி அமைத்தார். நடுவில் எஸ்கலேட்டர். எந்த மாடி தரைத்தளம் என்றே சொல்ல முடியாது, இரண்டுக்கும் ஒரே கூட்டம். இன்றைக்கும் நல்ல மால்களில் இதே தந்திரம்தான்.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் சில வாரத்தில் வந்து பார்த்துவிட்டு கடுமையாகத் திட்டினார். நகர மையத்தை இங்கே இழுத்துவந்திருக்கிறீர்கள், அதை அது இருந்த இடத்திலேயே விட்டிருக்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அன்றைக்குப் பத்திரிகைகள் எல்லாம் புகழ்ந்துகொண்டிருந்ததால் வயதானவரின் எரிச்சலாகவே அது எடுத்துக்கொள்ளப்பட்டது.

இனி பணத்துக்கு வருவோம். மால்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் கார், நெடுஞ்சாலை, குழந்தைப் பெருக்கம் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அவை எல்லாம் உண்மைதான். மாநிலங்களுக்கிடையிலான நெடுஞ்சாலைச் சட்டத்தில் அதிபர் ஐசனோவர் கையெழுத்துப் போட்டது இதே 1956 ஜூனில், செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. வீட்டுக் கடனுக்கு அரசு உத்தரவாதம் கிடைத்தது, ஆனால் அது பெரும்பாலும் வெள்ளையர்களின் புதுப் புறநகர்களுக்கு மட்டும். எடினாவின் கன்ட்ரி கிளப் பகுதியில் 1920-களில் எழுதிய பத்திரங்களிலேயே வெள்ளையர் அல்லாதவர் வாங்கக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அப்படிப்பட்ட நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-ல்தான் சொன்னது. எந்தப் பக்கம் காசு நகர்ந்ததோ அந்தப் பக்கம் மால் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஒரு சட்டத்தைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை, அது 1954-ன் வரிச் சட்டம். கட்டடத்துக்குத் தேய்மானம் என்று ஒன்றை ஆண்டுதோறும் வருமானத்திலிருந்து கழிக்கலாம் இல்லையா, அதை அதுவரை பெரும்பாலும் கட்டடத்தின் ஆயுளுக்குச் சமமாகப் பிரித்துத்தான் கழித்தார்கள். 40 ஆண்டு ஆயுள், 1 கோடி டாலர் கட்டடம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2.5 லட்சம். புதுச் சட்டம் புதுக் கட்டடங்களுக்கு முதல் சில ஆண்டுகளில் இரண்டு மடங்கு வேகத்தில் கழிக்க அனுமதித்தது, அதாவது முதல் ஆண்டே 5 லட்சம். மால் வாடகையில் லாபம் வந்துகொண்டிருக்கும், கணக்கில் மட்டும் நஷ்டம் காட்டும், அந்த நஷ்டத்தை வேறு தொழிலில் வந்த வருமானத்தோடு கழித்து வரியைக் குறைத்துக்கொள்ளலாம். சில ஆண்டு கழித்து கழிவின் வேகம் குறைந்ததும் விற்றுவிட்டு இன்னொன்று கட்டலாம்.

இந்தச் சலுகை யாருக்கு இனித்தது என்று பாருங்கள். நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது, கட்டடத்துக்குத்தான் உண்டு. ஆகவே நிலம் மலிவாக, கட்டடம் பெரிதாக, புதிதாக இருக்க வேண்டும், அதாவது நகர எல்லைக்கு வெளியே ஒரு சோளக் காடு. ஊர் நடுவில் நிலம் விலை அதிகமான பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பவருக்கு அந்த இரட்டை வேகம் கிடையாது. மக்கள் வந்து சேரும் முன்பே சில இடங்களில் மால் வந்து நின்றதற்கு இதுதான் காரணம். வீடும் பள்ளியும் ஏரியும் வரைந்த க்ரூனின் தாளில் எந்தப் பகுதி முதலீட்டாளருக்குச் சீக்கிரம் காசு தந்ததோ அது மட்டும் கிழித்தெடுக்கப்பட்டு நாடு முழுக்க நகலானது. 1969-ல் இந்தச் சலுகையைக் குறைத்தார்கள், 1986-ல் முழுக்க எடுத்தார்கள், அதற்குள் ஆயிரத்துக்கும் மேல் கட்டியாகிவிட்டது.

சவுத்டேலைச் சுற்றிய நிலத்திலும் அதுவேதான் நடந்தது. மால் வந்ததும் அக்கம்பக்கத்தில் நிலம் விலை ஏறியது. மருத்துவமனை 1965-ல் வந்தது உண்மை, அலுவலகங்களும் சில குடியிருப்புகளும் வந்தன, ஆனால் ஒவ்வொன்றும் தன் தன் கார் நிறுத்துமிடத்தோடு தனித்தனியாக, நடுவில் அகலமான சாலைகள். க்ரூன் ஒழிக்க நினைத்த காட்சியே அவர் கட்டடத்தைச் சுற்றி வளர்ந்தது.

ஜேம்ஸ் ரவுஸ், எட்வர்ட் டிபார்டோலோ, ஆல்ஃப்ரெட் டாப்மன் என்று பெரிய கைகள் இதைத் தொழிலாக்கினார்கள். வாடகைக் கணக்கு ரொம்ப எளிது, அதுதான் பின்னால் ஆபத்தாகவும் ஆனது. இரண்டு முனையிலும் ஆங்கர் என்கிற பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர். கூட்டத்தை இழுப்பது அவர்கள் என்பதால் அவர்களுக்கு மிகக் குறைந்த வாடகை, சில சமயம் இடமே அவர்களுக்குச் சொந்தம். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மக்கள் நடக்கும் வழியில் இருக்கும் செருப்புக் கடை, நகைக் கடை, வளையல் தோடு விற்கும் கடைகள்தான் சதுர அடிக்கு அதிக வாடகையும், விற்பனையில் ஒரு சதவீதமும் கொடுத்து மாலை நடத்துகின்றன. பல ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை இருக்கும்: ஆங்கர் போய்விட்டால் சின்னக் கடை வாடகையைக் குறைக்கலாம், அல்லது காலி செய்துவிட்டுப் போகலாம். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் வருகிறேன்.

ஒன்றை வாங்க வந்தவர் வந்த காரியத்தை மறந்து சும்மா சுற்ற ஆரம்பிக்கும் அந்த நொடிக்கு வியாபார உலகம் க்ரூன் பெயரையே வைத்துவிட்டது. பாவம், அவர் விரும்பிய நினைவுச்சின்னம் அது இல்லை. 1956-லேயே டெக்சஸின் ஃபோர்ட் வொர்த் நகர மையத்தை நடப்பவர்களுக்கு மட்டுமாக்க ஒரு பெரிய திட்டம் போட்டார், நிறைவேறவில்லை. மிச்சிகனின் கலமசூவில் 1959-ல் காரில்லாத தெரு அவர் யோசனையில் வந்தது. 1968-ல் வியன்னாவுக்கே திரும்பினார். அங்கே போனால் ஊருக்குத் தெற்கே 1976-ல் ஒரு மாபெரும் ஷாப்பிங் சென்டர், பழைய சின்னக் கடைகளுக்குக் கேடாக. 1978-ல் லண்டனில் பேசும்போது, இந்தக் கள்ளப் பிள்ளைகளுக்கு நான் ஜீவனாம்சம் கொடுக்க மாட்டேன் என்ற அர்த்தத்தில் காறித் துப்பாத குறையாகப் பேசினார். 1980-ல் இறந்தார்.

அவர் ஊர்ச் சதுக்கம் வேண்டும் என்று கேட்டார் இல்லையா, அந்தச் சதுக்கம் யாருடையது என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. போர்ட்லண்டில் லாய்ட் சென்டர் என்ற மாலுக்குள் வியட்நாம் போருக்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவர்களுக்கு அங்கே பேச்சுரிமை கிடையாது, அது தனியார் இடம் என்று 1972-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலங்கள் வேண்டுமானால் தங்கள் அரசியல் சட்டத்தின் கீழ் அந்த உரிமையைத் தரலாம் என்று 1980-ல் கலிபோர்னியாவின் ப்ரூன்யார்ட் வழக்கில் தீர்ப்பு வந்தது. மினசோட்டா தரவில்லை. மினியாபொலிஸ் அருகே உள்ள மால் ஆஃப் அமெரிக்காவில் விலங்கு ரோம உடைக்கு எதிராக நின்றவர்கள் வழக்கில் 1999-ல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. அதே மாலில் 1996-லேயே வெள்ளி, சனி மாலைகளில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் இருக்கக் கூடாது என்ற விதியும் வந்தது. கடைத்தெருவில் போலீஸ்காரர்கூடச் சொல்ல முடியாததை மால் நிர்வாகம் சொல்லலாம். ஊர் முழுக்க மக்கள் கூடும் ஒரே இடம் அதுதான் என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை என்பது என் கருத்து.

இப்போது சாவுக்கு வருவோம். சவுத்டேலைக் கட்டிய டேட்டன் நிறுவனமே 1962-ல் ரோஸ்வில் என்ற இன்னொரு புறநகரில் ஒரு மலிவு விலைக் கடை திறந்தது. பெயர் டார்கெட். வால்மார்ட்டும் கேமார்ட்டும் அதே ஆண்டு. டார்கெட்டுக்கு மால் தேவையில்லை, தனிக் கட்டடம், வாசலில் பார்க்கிங், போய் எடுத்து வந்துவிடலாம். டிபார்ட்மென்ட் ஸ்டோரின் சோற்றில் முதலில் கை வைத்தது இவைதான், இணையம் என்ற சொல்லே இல்லாத காலத்தில். தாய் நிறுவனம் 2000-ல் தன் பெயரையே டார்கெட் என்று மாற்றிக்கொண்டது, 2004-ல் டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை விற்றுவிட்டது. சவுத்டேலில் டேட்டன்ஸ் கடையின் பெயர் 2001-ல் மார்ஷல் ஃபீல்ட்ஸ் ஆனது, 2006-ல் மேசிஸ் ஆனது, இரண்டும் வேறு டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் பெயர்கள். நாடு முழுக்க இப்படி ஒன்றை ஒன்று விழுங்க, பல ஊர்களில் ஒரே மாலில் இரண்டு ஆங்கரும் ஒரே முதலாளிக்குப் போய், ஒன்றை மூடினார்கள்.

இன்னொரு பக்கம், மாலே மாலைத் தின்றது. 1992 ஆகஸ்டில் சில மைல் தள்ளி ப்ளூமிங்டனில், பழைய விளையாட்டு அரங்கம் இருந்த இடத்தில் மால் ஆஃப் அமெரிக்கா வந்தது. ஒஹாயோவில் டிபார்டோலோ 1976-ல் திறந்த ராண்டால் பார்க், அன்றைய உலகின் மிகப் பெரிய மால்களில் ஒன்று, 2009-ல் மூடி, 2014-ல் இடிக்கத் தொடங்கி, அந்த இடத்தில் அமேசான் கிடங்கு வந்தது. படத்தைப் பார்க்கிறவர்கள் அமேசான்தான் மாலைக் கொன்றது என்று முடித்துவிடுகிறார்கள். அமேசான் வந்தபோது மால் செத்துப் பல ஆண்டு ஆகியிருந்தது.

ஆன்லைன் செய்தது என்ன? ஏற்கெனவே இளைத்திருந்த ஆங்கர்களைச் சாய்த்தது. பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களான சியர்ஸ் 2018 அக்டோபரில், ஜேசி பென்னி 2020 மே மாதத்தில் திவால் மனு கொடுத்தன. மேலே சொன்ன வாடகை நிபந்தனை அப்போது வேலை செய்யும். ஓர் ஆங்கர் போனால் சின்னக் கடைகள் வாடகையைக் குறைக்கும், வருமானம் குறைந்தால் பராமரிப்பு குறையும், எஸ்கலேட்டர் நிற்கும், கூட்டம் குறையும், அடுத்த ஆங்கர் போகும். இந்தச் சங்கிலி மாட்டினால் இரண்டு மூன்று ஆண்டில் மால் காலி.

எல்லாம் மூடிவிடுமா என்றால் இல்லை. இதற்கு நல்ல சாட்சி அதே மினியாபொலிஸ் பகுதியிலேயே இருக்கிறது. டேட்டன்கள் ஊரைச் சுற்றி நான்கு கட்டினார்கள்: சவுத்டேல், 1962-ல் ப்ரூக்டேல், 1969-ல் ரோஸ்டேல், 1974-ல் ரிட்ஜ்டேல். ஒரே நிறுவனம், ஒரே மாதிரி யோசனை. இதில் வடக்கே ப்ரூக்லின் சென்டரில் இருந்த ப்ரூக்டேல் 2010-ல் மூடி இடிக்கப்பட்டு, வால்மார்ட் உள்ள திறந்தவெளிக் கடைத்தொகுதி ஆகிவிட்டது. மற்ற மூன்றும் நிற்கின்றன. கட்டடத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, சுற்றி இருக்கும் வீடுகளின் வருமானத்தில்தான் வித்தியாசம். எடினா பணக்கார ஊர். பணம் உள்ள பக்கம் மால் ஓடும், நடுத்தர வருமானப் பகுதிகளில் இருந்தவைதான் அதிகம் விழுந்தன.

சவுத்டேலும் அடி வாங்காமல் இல்லை. ஜேசி பென்னி 2017-ல் போனது. அந்த இடத்தை இன்னொரு துணிக்கடைக்குக் கொடுக்காமல் இடித்துவிட்டு, 2019-ல் பெரிய உடற்பயிற்சி மையம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையை எடுத்துப் பத்து மாடிக் குடியிருப்புகள் கட்டினார்கள், பிறகு ஒரு ஹோட்டலும் வந்தது. அதாவது மாலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஆட்கள் குடியிருக்க வேண்டும் என்று 1950-களில் க்ரூன் வரைந்ததை, அரை நூற்றாண்டு கழித்து, பார்க்கிங் பாதி காலியாகக் கிடந்ததால் கட்டுகிறார்கள். அமெரிக்காவில் வேறு பல மால்களிலும் இப்போது இதே வேலை நடக்கிறது. க்ரூனின் முதல் பெரிய முயற்சியான நார்த்லேண்டுக்கு அந்த வாய்ப்பு நேரத்தில் கிடைக்கவில்லை, 2015-ல் மூடப்பட்ட பிறகுதான் அங்கே குடியிருப்பு கட்டலாம் என்ற பேச்சு எழுந்தது.